எதிர்த்தரப்பு டாக்டரிடம் தம்பியை அனுப்பத்தான் வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு கட்டுமானத் தளத்தில் சாரத்திலிருந்து விழுந்து என் தம்பிக்கு இடுப்பில் அடி. முதலாளி மேல் வழக்குப் போட்டிருக்கிறோம். காப்புறுதி நிறுவனத்தின் வக்கீல், தாங்கள் சொல்லும் எலும்பு டாக்டரிடம் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார். போகாவிட்டால் என்ன ஆகும்?

போக வேண்டும். மறுத்தால் யாரும் இழுத்துக்கொண்டு போகமாட்டார்கள், சம்மதம் இல்லாமல் உடம்பைத் தொடவும் முடியாது. ஆனால் பரிசோதனைக்கு வரும்வரை வழக்கை நிறுத்தி வைக்கும்படி எதிர்த்தரப்பு நீதிமன்றத்தைக் கேட்கலாம். கேட்டது நியாயமா, மறுத்தது நியாயமா என்று நீதிபதி எடைபோடுவார். "அவர்கள் டாக்டர் அவர்கள் பக்கம்தான் பேசுவார்" என்பது மட்டும் போதிய காரணம் ஆகாது. முதுகுத்தண்டில் ஊசி போடுவதுபோல ஆபத்துள்ள சோதனையை மறுப்பது வேறு விஷயம், அதற்கு இடம் உண்டு.

இது முதலாளி மேல் போட்ட சிவில் வழக்கைப் பற்றிய பதில். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் மனிதவள அமைச்சிடம் கோருவது தனி வழி. ஒரே காயத்துக்கு இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது.

ஒப்புக்கொள்ளும் முன் உங்கள் வக்கீல் சில விஷயங்களை எழுத்தில் வாங்க வேண்டும்: டாக்டரின் பெயரும் துறையும், என்னென்ன சோதனை, கட்டணமும் போக்குவரத்தும் எதிர்த்தரப்புச் செலவு என்பது, அறிக்கையின் நகல் உங்களுக்கும் வரும் என்பது. தம்பி சிறப்பு அனுமதியில் (வழக்கு நடக்கும்போது வெளிநாட்டு ஊழியர் தங்கியிருக்கத் தரும் தற்காலிக அனுமதி) இருந்தாலோ ஊருக்குத் திரும்பிவிட்டாலோ, தேதியையும் விமானச் செலவையும் அப்போதே பேசி முடியுங்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது மொழி. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். தளத்து சூப்பர்வைசரோ முதலாளி அனுப்பும் ஆளோ அந்த வேலையைச் செய்யக் கூடாது. நம் ஆட்கள் டாக்டரைக் கண்டதும் மரியாதைக்கு "பரவாயில்லை சார், கொஞ்சம்தான்" என்பார்கள். அறிக்கையில் அது "பெரும்பாலும் குணமாகிவிட்டதாக நோயாளியே கூறினார்" என்று ஏறிவிடும். அதேபோல சுரீரென்று காலுக்கு இறங்குவது, மரத்துப்போவது, எரிவது, குடைவது எல்லாம் மொழிபெயர்ப்பில் 'வலி' என்ற ஒரே சொல்லாகிவிடும். டாக்டருக்கோ அவை வெவ்வேறு தடயங்கள். காலுக்கு இறங்கும் வலியும் மரப்பும் நரம்பு அழுத்தப்படுவதைக் காட்டலாம், வெறும் கடுப்பு தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம். எங்கே தொடங்குகிறது, எந்த விரல்வரை போகிறது, எத்தனை நிமிடம் நின்றால் வருகிறது, எத்தனை கிலோ தூக்கினால் பிடிக்கிறது என்று தம்பி முந்தைய நாளே தமிழில் ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ளட்டும்.

அறையில் என்ன நடக்கும்? மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை மடக்காமல் காலைத் தூக்குவார். சுமார் 30 முதல் 70 டிகிரிக்குள் வலி காலுக்கு இறங்கினால் நரம்பு வேர் பாதிப்பைச் சந்தேகிப்பார்கள். பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தைப் பார்ப்பதுபோல அதே காலை நீட்டச் சொல்வார். படுத்தபோது 30 டிகிரியில் துடித்தவர் உட்கார்ந்தபடி சுலபமாக நீட்டினால், 'பொருந்தவில்லை' என்று குறிப்பார். தொடைச் சுற்றளவை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து தசை மெலிந்திருக்கிறதா என்று பார்ப்பார். தலையை லேசாக அழுத்தி இடுப்பு வலிக்கிறதா என்றும் கேட்கலாம். வாடெல் என்ற முதுகு மருத்துவர் 1980ல் விவரித்த அறிகுறிகளில் ஒன்று அது. அவை நடிப்பைப் பிடிக்கும் கருவி அல்ல என்று அவரே பின்னால் எச்சரித்தார். இருந்தாலும் அறிக்கைகளில் அப்படித்தான் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே உள்ள வலியைப் பெரிதாக்கவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம்.

கிளினிக்குக்கு வெளியே நடப்பதும் கணக்கில் வரும். காப்புறுதி நிறுவனங்கள் தனியார் துப்பறிவாளரை வைத்து வீடியோ எடுப்பதுண்டு. ஊன்றுகோலோடு உள்ளே போனவர் திரும்பும்போது அதைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினால், அந்தச் சில நொடிகள் போதும்.

பழைய இடுப்புவலி இருந்தால் மறைக்கவே கூடாது. எம்ஆர்ஐயில் வயதால் வரும் முதுகெலும்பு இடைத்தட்டுத் தேய்மானம் தெரிந்தால் "விபத்துக்கு முன்பே இருந்தது" என்று எதிர்த்தரப்பு வாதாடும். "முன்பு எப்போதாவது வலிக்கும், வேலைக்குப் போவேன், விழுந்த பிறகு தூக்க முடியவில்லை" என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அதற்குப் பதில் இருக்கும். மறைத்தது பழைய கிளினிக் சீட்டிலிருந்து வெளிவந்தால், தம்பி சொன்ன மற்ற எதையும் நம்ப மாட்டார்கள்.

இந்த டாக்டர் சிகிச்சை தருபவர் அல்ல. அவரிடம் சொல்வது எதிர்த்தரப்புக்குப் போகும். விபத்தில் யார் தப்பு என்று பேச வேண்டாம், "கீழே விழுந்தேன்" என்பதோடு நிறுத்தலாம். வக்கீல் பார்க்காத எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். அதே சமயம் அவரை எதிரியாக நடத்தவும் தேவையில்லை. 2021 நீதிமன்ற விதிகளின்படி நிபுணரின் கடமை முதலில் நீதிமன்றத்துக்குத்தான், பணம் கொடுப்பவருக்கு அல்ல.

அன்று மாலையே உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், செய்த சோதனைகள், கேட்ட கேள்விகளை எழுதிவையுங்கள். அறிக்கை வந்ததும் இடது வலது மாறியிருக்கிறதா, விபத்துத் தேதியும் மருத்துவ விடுப்பு நாட்களும் சரியா, பழைய எம்ஆர்ஐ படங்களையே பார்த்தாரா அல்லது அதன் அறிக்கையை மட்டும் படித்தாரா என்று வரி வரியாகப் பார்த்து, தவறுகளைத் தம்பிக்குச் சிகிச்சை தரும் டாக்டரிடம் பதில் கேட்கும்படி வக்கீலிடம் கொடுங்கள்.