ஈவ் ஆன்லைனில் சால்வேஜ் என்றால் என்ன, எப்படித் தொடங்குவது?
ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி இணைய விளையாட்டில் ஒரு கப்பல் வெடித்தால் அதன் சிதைவு அங்கேயே மிதக்கும், 2 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதற்குள் அதைப் பிரித்து, உருப்படியான பாகங்களை எடுப்பதுதான் சால்வேஜ். லாரி கவிழ்ந்தால் உள்ளே இருக்கும் சரக்கு வேறு, லாரியின் இரும்பு வேறு இல்லையா, அதே மாதிரி இங்கே சரக்கை எடுப்பது லூட், கப்பலின் உடம்பைப் பிரிப்பது சால்வேஜ்.

இதற்கு ஏன் விலை? கப்பலின் திறனைக் கூட்ட அதில் பொருத்தும் ரிக் என்ற கருவிகளை வீரர்கள் இந்தப் பாகங்களை வைத்துத்தான் செய்கிறார்கள். ரிக்கைக் கழற்றினால் அது அழிந்துவிடும், கப்பல் வெடித்தாலும் போய்விடும், அதனால் சந்தையில் தேவை இருந்துகொண்டே இருக்கும்.

தொடங்க ஒரு சின்னக் கப்பல், சிதைவைப் பிரிக்கும் கருவியான சால்வேஜர், டிராக்டர் பீம் போதும். சாதாரண சால்வேஜர் 5 கி.மீ. தான் எட்டும், தூரத்தில் இருப்பதை பீமால் இழுங்கள். ஒவ்வொரு முயற்சியும் பலிக்காது, பாகங்களை எடுக்கும்வரை சால்வேஜரை ஓடவிடுங்கள். சால்வேஜுக்கென்றே உள்ள நாக்டிஸ் கப்பலை வாங்க இப்போது அவசரமே இல்லை, அது அப்புறம்.

அடுத்தவர் வீழ்த்திய கப்பலைச் சால்வேஜ் செய்வது திருட்டு என்று பலர் தயங்குகிறார்கள், ஆனால் விளையாட்டின் விதிப்படி அது குற்றமே இல்லை; ஹைசெக்கில், அதாவது காவல் அதிகமுள்ள விண்பகுதியில், அவருடைய சரக்கில் கை வைத்தால்தான் யார் வேண்டுமானாலும் உங்களைச் சுடலாம்.