ஐயரம்மா பதில்கள்: முழங்கால் போட்டும் ஜெபம் வரவில்லை என்றால்

கேள்வி: ஐயரம்மாவுக்கு ஸ்தோத்திரம். வருஷப் பிறப்பு ஆராதனையில் என் கைக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் 'நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி' என்ற வசனம் இருந்தது. சந்தோஷமாக பைபிளுக்குள் வைத்தேன். மார்ச் மாதம் என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போய்விட்டார். லாரி ஓட்டியவர், வயது 46. வருகிறவர்கள் எல்லாம் 'கர்த்தர் அவரை அதிகமாய் நேசித்தார், எடுத்துக்கொண்டார்' என்கிறார்கள். நானும் பிள்ளைகளும் நேசிக்கவில்லையா? முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. இது பாவமா?
(வாசகி, சாயர்புரம் பக்கத்துக் கிராமம்)

பதில்: பாவம் இல்லை, மகளே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை மெதுவாகப் பேசலாம்.

அந்த அட்டையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்கள் ஐயர், அதாவது போதகராக இருந்த என் வீட்டுக்காரர், சேகரம் (சில சபைகள் சேர்ந்த வட்டாரம்) பார்த்த காலத்தில், டிசம்பர் கடைசியில் அட்டைகளை எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது என் வேலை. அச்சகத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும். ஒரே வசனம் பத்துப் பேர் கைக்குப் போகும். புலம்பல் வசனமோ யோபுவின் வசனமோ அதில் ஒன்றுகூட இருக்காது. இனிப்பானதை மட்டும் பொறுக்கி அச்சடித்திருப்பார்கள். நள்ளிரவில் புதுச் சேலை கட்டி வரிசையில் வந்து எடுத்துப் போகிறவர்களின் முகத்தைப் பார்த்தால், யாருக்கும் மனசு வராது இதைச் சொல்ல. இப்போது சொல்கிறேன்: உங்கள் வீட்டுக்காரருடைய ஆயுசுக்கு தேவன் எழுதிக் கொடுத்த பத்திரம் அல்ல அது.

உங்களுக்கு வந்த வசனம் 91-ஆம் சங்கீதத்தின் கடைசி வரி. அதே சங்கீதத்தின் நடுவிலிருந்து இரண்டு வசனத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டுதான் பிசாசு இயேசுவிடம் வந்தான். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, 'குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே' என்றான். இயேசு குதிக்கவில்லை. பிறகு சிலுவைக்குப் போனபோது எந்தத் தூதனும் வந்து அவரை ஏந்தி இறக்கவும் இல்லை. ஆகவே வசனம் பொய்த்துவிட்டது என்றோ, உங்கள் விசுவாசம் குறைந்துபோனது என்றோ நினைக்க வேண்டாம். அட்டையைக் கிழிக்கவும் வேண்டாம், அதைப் பார்த்து அழவும் வேண்டாம். பீரோவில் எங்காவது போட்டு வையுங்கள்.

கோபத்துக்கு வருகிறேன். 88-ஆம் சங்கீதத்தை எடுத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்களில் கடைசிக்குள் ஒரு ஸ்தோத்திரமோ ஒரு நம்பிக்கையோ வந்துவிடும். இதில் வராது. 'எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்' என்று அப்படியே முடிந்துவிடும். இதை எழுதினவனை யாரும் சபையை விட்டு விலக்கவில்லை; அவன் பாட்டைக் கோராகின் புத்திரர் என்ற ஆலயப் பாடகர்களின் பாட்டு என்று வேதத்திலேயே சேர்த்துவிட்டார்கள். தேவனிடம் முகத்துக்கு நேராகக் குறைசொல்வதும் ஜெபம்தான். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று தாவீது கேட்கவில்லையா? நீங்களும் கேளுங்கள். வாய் திறக்க முடியாத நாளில் அதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் போய்ச் சும்மா உட்காருங்கள். மற்றவர்கள் விசுவாசப்பிரமாணம் சொல்லட்டும், மற்றவர்கள் பாடட்டும். திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கி வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே மாற்கு என்ன எழுதுகிறார்? இயேசு 'அவர்கள் விசுவாசத்தை'க் கண்டார் என்று. படுத்திருந்தவனிடம் விசுவாசம் இருந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. இந்த வருஷம் நீங்கள் படுக்கையில் கிடக்கிற ஆள். தூக்குவது சபையின் வேலை.

சாப்பிடுகிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு 'போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்' என்றபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டவர் திரும்பவும் படுத்துவிட்டார். தூதன் கோபப்படாமல் இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கேள்வி, விசாரணை எல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான்.

அப்புறம் ஒரு காரியம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, வண்டிக் கடன் இருந்தால் அதன் காப்பீடு, இதையெல்லாம் தள்ளிப்போடாதீர்கள். சேகரக் கமிட்டியில் தாலுகா ஆபீஸ் பழக்கமுள்ள ஒருவர் எப்படியும் இருப்பார். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். 'நேசித்தார், எடுத்துக்கொண்டார்' என்று சொன்ன யாராவது கூட வந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: எனக்கு ஏழு மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. கல்யாணத்துக்கு முன் நான் செய்த ஒரு பாவத்துக்குத் தண்டனை என்று மாமியார் சொல்லாமல் சொல்கிறார். அப்படித்தானா?
(பெயர் வேண்டாம்)

பதில்: இல்லை. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, எருசலேமில் குடியிருந்தவர்களில் அவர்கள்தான் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, 'அப்படியல்ல' என்று தாமே பதிலும் சொல்லியிருக்கிறார். லூக்கா 13. மாமியார் பைபிளிலும் அது இருக்கும்.

குழந்தைக்குப் பெயர் வைத்தீர்களா? வைக்காவிட்டால் இப்போதும் வைக்கலாம். உங்கள் ஐயரிடம் சொல்லி, அந்தப் பெயரைச் சொல்லி ஒரு ஜெபம் பண்ணச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ இரண்டு தடவை முடிந்தது. சித்தி ஒரு ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். மருந்தை நிறுத்துவதுதான் விசுவாசம், மாத்திரையும் ஜெபமும் சேராது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அம்மா அடுத்த கீமோவுக்கு வர மறுக்கிறார். என்ன சொல்லி அழைத்துப் போக?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: தம்பி, அம்மாவிடம் எசேக்கியா ராஜாவின் கதையை நீங்களே வாசித்துக் காட்டுங்கள், இரண்டாம் இராஜாக்கள் 20. சாகப்போகிறாய் என்று சொல்லப்பட்டவர் சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தார். தேவன் கேட்டார், ஆயுசில் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார். இவ்வளவும் நடந்த பிறகு ஏசாயா என்ன செய்தார்? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். தேவனே வாக்குக் கொடுத்த பிறகும் தீர்க்கதரிசி மருந்தை நிறுத்தவில்லை. இந்தக் கூட்டத்துக்காரர் ஏசாயாவை விடப் பெரியவரா?

பவுலோடு சுற்றின லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குப் பவுல் கையை வைத்துச் சுகமாக்கியதாக நாம் வாசிக்கவில்லை. கொஞ்சம் திராட்சரசம் குடி என்றுதான் கடிதம் எழுதினார்.

நாகர்கோவில்காரருக்கு நான் நெய்யூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அங்கே மிஷன் வைத்திய வேலையை 1838-ல் டாக்டர் ராம்சே தொடங்கினார். பிற்காலத்தில் வந்த டாக்டர் சோமர்வெல், 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்தவர். மலையேறி முடித்து ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், நெய்யூரில் குவிந்து கிடந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். உங்கள் பாட்டி காலத்து ஆட்களைக் கேட்டால் அவர் கத்தி வைத்த கதை ஏதாவது கிடைக்கும். இவர்களுக்கெல்லாம் விசுவாசம் குறைச்சல் என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

ஆனால் அம்மாவிடம் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். கீமோவுக்குப் போன பெண்கள் எத்தனையோ பேரோடு வார்டில் உட்கார்ந்திருக்கிறேன். விசுவாசத்தால் மறுக்கிறேன் என்பவர்களில் பலருக்கு உள்ளே இருப்பது பயம். வாயெல்லாம் புண், சோற்றைக் கண்டால் குமட்டல், சீப்பில் கொத்தாக வருகிற முடி. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வசனத்தைச் சொல்கிறார்கள். எது தாங்க முடியவில்லை என்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள். குமட்டலுக்கும் வலிக்கும் மருந்து உண்டு. டாக்டரிடம் கேட்டால்தான் எழுதுவார். போகிற அன்று காலையில் சித்தியையே வீட்டுக்கு அழைத்து ஜெபம் பண்ணச் சொல்லுங்கள். ஜெபம் முடிந்ததும் எல்லாருமாக வண்டியில் ஏறுங்கள்.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். அடுத்த வீட்டு கிறிஸ்தவ அக்காவின் மகன் பைக் விபத்தில் இறந்துவிட்டான். என் பையனோடு ஒன்றாகப் படித்தவன். அவர்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஜெபம் நடக்கிறது. நெற்றியில் திருநீறோடு நான் போய் உட்காரலாமா? போனால் என்ன பேசுவது?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: தாராளமாகப் போங்கள். திருநீற்றை அழிக்க வேண்டாம். அந்த அக்காவுக்கு உங்கள் முகம்தான் வேண்டும். பாட்டு நடக்கும்போது சும்மா உட்கார்ந்திருங்கள். எழுந்து நிற்கிறபோது நில்லுங்கள். பாட்டுப் புத்தகத்தை யாராவது நீட்டினால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டால் போதும்.

என்ன பேசுவது என்றால், ஒன்றும் பேசாதீர்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபு என்பவரின் சிநேகிதர் மூன்று பேரை நாங்கள் பிரசங்கத்தில் திட்டிக்கொண்டே இருப்போம். ஆனால் முதல் ஏழு நாள் அவர்கள் நல்லவர்கள்தான். இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் துக்கம் மகா கொடியது என்று கண்டு ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

எங்கள் ஐயர் இறந்த வாரம் வீடு நிறைய ஆட்கள். உபதேசியார் சம்சாரம் பின்வாசல் வழியாக வருவாள். அடுப்படியில் குவிந்து கிடக்கிற காபி டம்ளர்களை எல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்துத் திண்ணையில் வரிசையாகக் கவிழ்த்து வைப்பாள். தவலையில் தண்ணீர் பிடித்து வைப்பாள். என் பக்கம் திரும்பி ஒரு பார்வை, அவ்வளவுதான், போய்விடுவாள். அந்த வாரம் எனக்கு வசனம் சொன்னவர்கள் யார் யார் என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை.

ஒன்று மட்டும். ஜெபங்கள் எல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு வருகிற மத்தியானங்கள்தான் கொடியவை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வீட்டில் யாரும் இல்லாமல் அந்த அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அந்த நேரத்துக்கு ஒரு டம்ளர் காபியோடு போங்கள். பையனுடைய பேரைச் சொல்லிப் பேசுங்கள். அவர் அழுவார், பயப்படாதீர்கள், நீங்களும் அழலாம். செத்துப்போன சிநேகிதன் லாசருவை உயிரோடு எழுப்பத்தான் போகிறோம் என்று தெரிந்தும் 'இயேசு கண்ணீர் விட்டார்' என்று எங்கள் வேதத்தில் எழுதியிருக்கிறது.

கேள்வி: சென்னையில் ஐ.டி. வேலை போய்விட்டது. கடவுள் நம்பிக்கை கல்லூரியிலேயே போய்விட்டது. ஆனால் சர்ச்சில் பாடும்போது மட்டும் மனசு லேசாகிறது. நம்பாமல் போய்ப் பாடுவது ஏமாற்று வேலையா?
(வாசகர், 27 வயது)

பதில்: போய்ப் பாடுங்கள். பாடகர் குழுவில் பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) பாடுகிறவர்களுக்கு எந்தச் சபையிலும் பஞ்சம். நம்பிக்கையைப் பற்றி அப்புறம் எழுதுங்கள். சபையில் நான்கு பேரிடம் வேலை தேடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லவும் மறக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 78 வயது. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறேன். பெண்கள் ஐக்கியச் செயலாளராக ஓடியாடி வேலை செய்தவள். சபைக்காக வீட்டுக்கு வீடு கைப்பிடி அரிசி சேகரிக்கத் தெருத்தெருவாகப் போனவள். இப்போது யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஏன் இன்னும் வைத்திருக்கிறார் என்று கேட்கிறேன்.
(வாசகி, சாத்தான்குளம்)

பதில்: அக்கா, உங்கள் ஊருக்கு டோனாவூர் தூரமில்லை. அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையைப் பற்றி உங்களுக்கு யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். 1931-ல் கீழே விழுந்தவர், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே கிடந்தார். படுக்கையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். இதைச் சொல்லி, நீயும் எழுந்து ஏதாவது செய் என்று உங்களை விரட்டுகிறவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். அந்த அம்மைக்கும் வலி இருந்தது, தூக்கம் வராத இரவு இருந்தது. புத்தகம் எழுதாமல் இருந்திருந்தாலும் தேவன் அவரைத் தள்ளியிருக்கமாட்டார். இத்தனை வருஷம் கைப்பிடி அரிசி வாங்கினீர்களே, கொடுத்த வீட்டில் எல்லாம் பிரயோஜனமானவர்கள்தானா என்று பார்த்தா வாங்கினீர்கள்?

பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதின கடைசிக் கடிதத்தில், துரோவாவில் வைத்துவிட்டு வந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா, மாரிகாலத்துக்குமுன் வந்துசேர் என்கிறார். அத்தனை பெரிய அப்போஸ்தலர் குளிருக்கு ஒரு போர்வை கேட்கிறார், பேச்சுத் துணைக்கு ஒரு ஆளைக் கேட்கிறார். நீங்களும் கேளுங்கள். முதுகில் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை கேளுங்கள். பிசியோதெரபி செய்கிறவர் வீட்டுக்கு வருவாரா என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுக்கும்படி உங்கள் சேகர ஐயரிடம் சொல்லி அனுப்புங்கள். சலுகை கேட்கிறோமே என்று கூச வேண்டாம், நோயாளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. இரண்டு தடவை சொல்லி அனுப்பியும் வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், நான் அவர் வீட்டு ஐயரம்மாவிடம் பேசிக்கொள்கிறேன்.