முதல் புராங்ஹார்ன் டேக்: கிடாவின் கொம்பைத் தூரத்திலிருந்தே கணிப்பது எப்படி?

கேள்வி: டென்வரில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடம் குலுக்கலுக்கான பாயின்ட் சேர்த்து, இந்த வருடம் வயோமிங்கில் ராலின்ஸ் பக்கம் ஒரு வேட்டைப் பகுதிக்கு புராங்ஹார்ன் (மான் போன்ற அமெரிக்க விலங்கு) கிடா டேக், அதாவது ஒரு கிடாவை வேட்டையாட அனுமதிச் சீட்டு, கிடைத்திருக்கிறது. துப்பாக்கி சீசன் செப்டம்பர் பிற்பகுதியில் தொடங்குகிறது. அதற்கு முன் இரண்டு சனி, ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். போன வருடம் நண்பர்களோடு சும்மா போயிருந்தபோது எல்லாக் கிடாவும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தது. நல்ல கிடா எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கே, எந்த நேரத்தில் தேடுவது?

பதில்: ஒரே மாதிரி தெரிந்ததில் தப்பில்லை. எல்க், மியூல் டியர் போன்ற மான்கள் என்றால் கொம்பின் கிளைகளை எண்ணியாவது ஒரு முடிவுக்கு வரலாம். புராங்ஹார்னில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. இரண்டு கொம்பு, ஒவ்வொன்றிலும் முன்பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு கவை, அவ்வளவுதான். சாதாரணக் கிடாவுக்குக் கொம்பு 12, 13 அங்குலம். மிக நல்ல கிடாவுக்கு 15. இந்த இரண்டு மூன்று அங்குலத்தை நானூறு கஜத்துக்கு அப்பாலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பழக்கம் இல்லாமல் யாருக்கும் வராது. ஆனால் உங்களிடம் நான்கு நாள் இருக்கிறது. அது போதும்.

முதலில் கொம்பைப் பற்றி. நம் ஊர்ப் புள்ளிமானுக்குக் கொம்பு முழுதாக விழுந்து மறுபடி முளைக்கும். கோடியக்கரை வெளிமானுக்குக் கொம்பு விழவே விழாது, கிளையும் விடாது. புராங்ஹார்ன் இரண்டிலும் சேராது. உள்ளே எலும்பு, அது நிலையாக இருக்கும். மேலே நகம் போன்ற பொருளால் ஆன கறுப்பு உறை. அந்த உறையை இணைசேரும் பருவம் முடிந்ததும், நவம்பர், டிசம்பர் வாக்கில், கிடா உதிர்த்துவிடும். அடியில் புது உறை வளரத் தொடங்கியிருக்கும். கோடையில் அது முழு அளவை எட்டிவிடும். ஆக, நீங்கள் ஆகஸ்டில் பார்க்கும் கொம்புதான் செப்டம்பரிலும் இருக்கும். இனி வளராது, சண்டையில் முனை உடைந்து குறைந்தால்தான் உண்டு.

இதில் நடைமுறைக்கு உதவும் விஷயம் ஒன்று இருக்கிறது. கொம்பு வளர்வது குளிர்காலத்திலும் வசந்தத்திலும் என்பதால், பனி குறைவாக இருந்து வசந்தத்தில் நல்ல மழையும் பெய்த வருடங்களில் கொம்பு பெரிதாக இருக்கும். 2022-23 குளிர்காலம் போல வந்தால் கொம்பு என்ன, மந்தையே மெலிந்துவிடும். அந்த வருடம் மேற்கு வயோமிங்கில் செத்து விழுந்தவை கொஞ்சநஞ்சமல்ல. வயதைப் பொறுத்தவரை, கிழட்டுக் கிடாவுக்குத்தான் பெரிய கொம்பு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வயதிலேயே பெரும்பாலும் உச்ச அளவு வந்துவிடுகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். பெரிய கொம்புகளை அளந்து பதிவு செய்யும் பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பின் அளவு முறைதான் இங்கே பொதுவான அளவுகோல். ஒவ்வொரு கொம்புக்கும் நீளம் ஒன்று, கவையின் நீளம் ஒன்று, சுற்றளவு நான்கு இடத்தில்: அடியில் ஒன்று, அப்புறம் கொம்பை நான்காகப் பிரித்தால் வரும் மூன்று புள்ளிகளில் ஒவ்வொன்று. இரண்டு கொம்பையும் கூட்டி, இடது வலது வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும். இரு கொம்புகளுக்கும் நடுவே உள்ள அகலம் கணக்கிலேயே வராது. விரிந்த கொம்பைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்படிக் கூட்டி மொத்தம் 80 அங்குலம் வரும் ஒரு கிடாவைப் பிரித்துப் பாருங்கள். நீளம் 15, இரண்டுக்கும் 30. கவை ஐந்தரை, இரண்டுக்கும் 11. மீதி 39 அங்குலம் எங்கிருந்து வருகிறது? சுற்றளவிலிருந்து. கிட்டத்தட்டப் பாதி! ஆனால் புதிதாக வருபவர்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது உயரத்தைத்தான். பருமனை முதலில் பாருங்கள், கவையை இரண்டாவதாக, நீளத்தைக் கடைசியாக. இந்த வரிசை ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால்கூட உங்கள் கணிப்பு பாதி சரியாகிவிடும்.

அளவுகோல் கிடாவின் முகத்திலேயே இருக்கிறது. காது ஏறக்குறைய 6 அங்குலம். கண்ணின் அகலம் ஏறக்குறைய 2 அங்குலம். பக்கவாட்டில் நிற்கும்போது கொம்பின் அடி கண்ணைவிடத் தெளிவாக அகலமாகத் தெரிந்தால் அது பருமனான கொம்பு. கண்ணளவே இருந்தால் சாதாரணம். அடுத்து, கவை காது நுனிக்கு மேலே கிளம்புகிறதா, கீழேயா என்று பாருங்கள். மேலே கிளம்பினால் நல்லது. கவைக்குக் கீழே இருக்கும் தடித்த பாகம் நீளமாக இருக்கும், அதனால் சுற்றளவுகள் கூடும். கவையின் நீளத்தைக் கொம்பின் பின்விளிம்பிலிருந்து அளப்பார்கள். ஆகவே வெளியே மூன்று, மூன்றரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தாலே, கொம்பின் அகலத்தையும் சேர்த்து ஐந்தரை கிட்ட வந்துவிடும். நீளத்துக்கு, காதைப் போல இரண்டரை மடங்கு இருக்கிறதா என்று பாருங்கள். முனை உள்ளேயோ பின்னாலோ வளைந்திருந்தால் அந்த வளைவுக்குள் இரண்டு மூன்று அங்குலம் ஒளிந்திருக்கும். நெட்டுக்குத்தாக நிற்கும் கொம்பு உயரமாகத் தெரியும், அளந்தால் ஏமாற்றும்.

கொம்பு பக்கவாட்டில் தட்டையானது. பக்கத்திலிருந்து பார்த்தால் அகலமாகவும் நேரே பார்த்தால் ஒல்லியாகவும் தெரியும். அதனால் ஒரே கோணத்தில் பார்த்து முடிவு செய்யவே கூடாது. தலையைத் திருப்பும் வரை காத்திருங்கள். முன்பக்கம், பக்கவாட்டு, முடிந்தால் பின்பக்கம்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். என் இரண்டாவது டேக், வயோமிங்கின் ரெட் டெசர்ட் என்ற வறண்ட வெளியின் ஓரத்தில். காலை பதினொரு மணி இருக்கும். ஒரு மேட்டின் விளிம்பில், வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு கிடா என்னை நேருக்கு நேர் பார்த்து நின்றது. தரையிலிருந்து கானல் எழும்பி அதன் கொம்பை இழுத்து நீட்டிக் காட்டியது. கரிய இரண்டு தூண் போல இருந்தது. அது திரும்பட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. கிட்டே போய் மண்டியிட்டுக் கொம்பைக் கையால் பிடித்தேன். அடியிலேயே என் கட்டைவிரலும் நடுவிரலும் சுற்றிச் சேர்ந்துகொண்டன. கவை காதுக்குக் கீழே, கட்டைவிரல் நீளம்கூட இல்லை. இளங்கிடா. இறைச்சி முழுவதும் வீட்டுக்கு வந்தது, ஒரு துண்டு வீணாகவில்லை. ஆனாலும் அன்று நான் செய்தது அவசரம். பொறுத்திருந்தால் அதுவும் இன்னும் ஒன்றிரண்டு வருடம் அந்த மேட்டில் நின்றிருக்கும். அதற்குப் பிறகு, சூரியன் ஏறிக் கானல் அலையத் தொடங்கியதும் கொம்பைக் கணிப்பதை நிறுத்திவிடுவேன். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை, அப்புறம் சாயங்காலம் கடைசி இரண்டு மணி நேரம். நடுப்பகலில் எங்கே படுத்திருக்கின்றன என்று மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

பத்து மடங்கு பைனாகுலர் கண்டுபிடிக்க. கணிக்க ஸ்பாட்டிங் ஸ்கோப் (அதைவிடப் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி) கட்டாயம். கடன் வாங்கியாவது கொண்டுபோங்கள். அதைக் கார் ஜன்னல் கண்ணாடியில் மாட்டும் பிடி இருந்தால் இன்னும் நல்லது. இந்த விலங்குகள் நிற்கும் வண்டியைச் சகித்துக்கொள்ளும், இறங்கி நடக்கும் ஆளைக் கண்டால் ஓடிவிடும். ஓட ஆரம்பித்தால் மணிக்கு 85, 90 கிலோமீட்டர். உள்ளூரில் 'ஸ்பீட் கோட்' (வேக ஆடு) என்று சொல்வது சும்மா இல்லை. எஞ்சினை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் ஸ்கோப்பில் எல்லாம் நடுங்கும்.

எங்கே தேடுவது? அகன்ற சேஜ்பிரஷ் புதர் வெளியில் முதலில் கண்ணில் படுவது வெள்ளைப் பின்புறம். ஒரு மைலுக்கு அப்பாலும் தெரியும். மாடுகளுக்காக வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டிகள் ஆகஸ்டில் நல்ல இடம், ஆனால் மழை பெய்து பள்ளங்களில் தண்ணீர் நின்றால் கூட்டம் கலைந்துவிடும். ஆகஸ்ட் நடுவிலேயே வில் வேட்டை சீசன் தொடங்கிவிடுவதால், தொட்டிக்கருகே மறைவுக் கூடாரம் தெரிந்தால் அந்தப் பக்கம் போகாமல் திரும்புங்கள். அங்கே ஒருவர் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார். முள்கம்பி வேலிகளையும் கவனியுங்கள். புராங்ஹார்ன் வேலியைத் தாண்டிக் குதிப்பது அபூர்வம், அடியில் நுழைந்துதான் போகும். கீழ்க்கம்பியில் வெள்ளை மயிர் ஒட்டியிருந்து, அடியில் மண் தேய்ந்திருந்தால் அது தினசரி வழி. வண்டித் தடங்களின் ஓரத்தில் காலால் கீறிய வெறும் மண்ணும் அதில் புதுப் புழுக்கையும் கிடந்தால், ஒரு கிடா அந்த இடத்தை எனது என்று சொல்லி வைத்திருக்கிறது. அங்கேயே காத்திருங்கள்.

பெட்டைக்கும் சிலசமயம் கொம்பு இருக்கும், காதைவிடக் குட்டையாக, கவை இல்லாமல். காதுக்குக் கீழே கன்னத்தில் கறுப்புத் திட்டு இருந்தால்தான் கிடா. சந்தேகம் வந்தால் கன்னத்தைப் பாருங்கள்.

இரண்டு பயணங்களையும் ஒரே வாரத்தில் வைக்காதீர்கள். முதலாவது ஆகஸ்ட் கடைசியில். அப்போது பெரிய கிடாக்கள் தனித்தனியே தங்கள் எல்லைக்குள் இருக்கும், இளசுகள் கூட்டமாகத் திரியும். இரண்டாவது சீசனுக்கு முந்தைய வாரம். செப்டம்பர் நடுவில் இணைசேரும் பருவம் சூடு பிடித்துவிடும், பெட்டைக் கூட்டம் எங்கேயோ கிடாவும் அங்கே. முதல் பயணத்தில் எதையும் தேர்வு செய்யாதீர்கள். குறைந்தது முப்பது கிடாவைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பருமன், கவை, நீளம் என்று மூன்று குறிப்பு எழுதுங்கள். இருபதாவது கிடாவுக்கு மேல் உங்கள் கண்ணே வித்தியாசம் சொல்லத் தொடங்கும். அந்தப் பகுதியில் இந்த வருடம் எது சராசரி, எது நல்லது என்பதும் அப்போதுதான் தெரியும். பூன் அண்ட் கிராக்கெட் பதிவுக்கு 80, எல்லாக் காலப் பட்டியலுக்கு 82 வேண்டும் என்பதெல்லாம் இருக்கட்டும். முதல் டேக்குக்கு 70-ஐத் தாண்டும் எந்தக் கிடாவும் என் கணக்கில் நல்ல கிடாதான்.

நிலம் விஷயத்தில் ராலின்ஸ் கொஞ்சம் சிக்கலான ஊர். 1860-களில் யூனியன் பசிபிக் ரயில்பாதைக்காக இருபுறமும் ஒன்றுவிட்டு ஒரு சதுர மைல் நிலத்தை அரசு தானமாகக் கொடுத்தது. அதனால் இன்றும் அங்கே வரைபடம் சதுரங்கப் பலகை போலத்தான் இருக்கும்: ஒரு கட்டம் பொது நிலம், அடுத்த கட்டம் தனியார். தனியார் நிலத்தைக் காலால் தொடாமல் ஒரு பொதுக் கட்டத்திலிருந்து இன்னொரு பொதுக் கட்டத்துக்கு மூலைக்கு மூலை தாண்டுவது அத்துமீறல் இல்லை என்று 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கு மூலை எங்கே இருக்கிறது என்று அடி பிசகாமல் தெரிய வேண்டும். நில எல்லை காட்டும் ஆன்எக்ஸ் போன்ற செயலியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள், அங்கே சிக்னல் கிடைக்காது. தனியார் நிலத்தில் நல்ல கிடா தெரிந்தால் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள், சீசன் முதல் நாள் அல்ல, இப்போதே. டிரோன் வேண்டவே வேண்டாம். வேட்டை விலங்கைத் தேடப் பறக்கவிடுவது ஆகஸ்ட் முதல் ஜனவரி கடைசி வரை அங்கே குற்றம்.

1966 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் வேட்டைப் பாதுகாப்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். H-1B போன்ற விசாவில் இருப்பவரென்றால் இன்னொன்று: அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை வந்தால் கிளம்பிவிடுங்கள். அந்தக் களிமண் சாலை அரை மணி நேரத்தில் டயரைச் சுற்றி அப்பிக்கொள்ளும், நான்கு சக்கர இழுவையும் உதவாது. தண்ணீர் இருபது லிட்டராவது வண்டியில் இருக்கட்டும்.

ஆகஸ்ட் பயணம் முடிந்ததும் உங்கள் குறிப்புகளையும் படங்களையும் எனக்கு அனுப்புங்கள். ஸ்கோப்பின் கண்ணாடியில் போனை வைத்து எடுத்தாலே போதும். ஒவ்வொரு கிடாவுக்கும் பக்கவாட்டில் ஒரு படம், நேருக்கு நேர் ஒரு படம். நீங்கள் போட்ட அளவையும் பக்கத்தில் எழுதியிருங்கள், இரண்டையும் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.