பின்னால் வந்து நிற்கும் சூப்பர்வைசர்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்குப் போக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. தனியாக விட்டால் நேராகத் தைக்கிறேன். சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றால் கை உதறுகிறது, தையல் கோணிக்கொள்கிறது. பக்கத்து மெஷின் அக்காவோ அவர் நின்றால் இன்னும் வேகமாகத் தைக்கிறார். எனக்குத் தன்னம்பிக்கை இல்லை என்கிறார்கள் வீட்டில். வேலூரில் ஒரு பயிற்சி வகுப்புக்கு இரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். சேரட்டுமா?

(பெயர் வேண்டாம் அண்ணா)

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அந்த அக்காதான். அதே சூப்பர்வைசர், அதே பார்வை. அவர் எத்தனை வருடமாகத் தைக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று மாதமாக இருக்காது.

அடுத்தவர் பக்கத்தில் இருந்தாலே உடம்பில் ஒரு முறுக்கு ஏறுகிறது, கைக்கு எது சட்டென்று வருமோ அதையே அந்த முறுக்கு முன்னால் தள்ளுகிறது என்று 1965-ல் எழுதினார் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர். பழகிய கைக்குச் சரியானது வரும். புதுக் கைக்குத் தப்புதான் முந்திக்கொண்டு வரும். 1982-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பில்லியர்ட்ஸ் மாதிரி, கோலால் பந்தைக் குழியில் தள்ளும் ஆட்டம் ஆடுகிறவர்களின் மேஜையருகே நான்கு பேர் போய் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கெட்டிக்காரர்கள் நூற்றுக்கு 71 அடித்துக்கொண்டிருந்தது 80 ஆனது. சுமாரானவர்களுக்கு 36 இருந்தது 25-க்கு இறங்கியது. (ஆடியவர்கள் கொஞ்சம் பேர்தான். 1983-ல் 241 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், விஷயம் மெய், ஆனால் மலைக்கும் அளவுக்குப் பெரிதில்லை என்றார்கள்.)

பிறகு உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு? என் ஊகம், தோல். துணியென்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மறையாது, பீஸ் போனது போனதுதான். அந்தப் பயமும் கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

குடியாத்தம் பக்கம் ஒரு கூத்தில், முதல்முறை வேஷம் கட்டிய பையனைக் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடினான், குரல் கணீரென்று வந்தது. திரை விலகியதும் கிரீடத்தில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் டியூப் லைட்டில் படபடவென்று மின்னின. நடுங்கியது தலை. அடவு தப்பியது. வாத்தியார் திட்டவில்லை, தாளத்தை மட்டும் இறக்கினார். இரண்டு வருடம் கழித்து அதே பையன், கூட்டம் விசிலடிக்க அடிக்கப் பம்பரமாகச் சுற்றினான். நடுவில் எந்தத் தன்னம்பிக்கை வகுப்புக்கும் போனதாகத் தெரியவில்லை.

நீங்களும் சூப்பர்வைசர் வந்து நின்றால் வேகத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். கேட்டால் "புதுசு சார்" என்று சொல்லிவிடலாம். சாப்பாட்டு நேரத்தில் கழிவுத் தோலில், அக்காவைப் பின்னால் நிற்கச் சொல்லித் தைத்துப் பழகுங்கள். யாரும் பார்க்காதபோது மட்டும் பழகிய கை, பார்க்கும்போது புதுக் கைதான்.

அப்படியே, அந்த அக்காவுடைய மூன்றாவது மாதத்தில் எத்தனை பீஸ் போனது என்றும் கேட்டு எழுதுங்கள்.