விஆருக்கு 5090 வேண்டுமா, 5080 போதுமா?

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறேன். கேமிங், விஆர் (தலையில் ஹெட்செட் மாட்டி விளையாடுவது) இரண்டுக்கும் சேர்த்து உயர்ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்று எடுக்கணும். கையில் இரண்டே கால் லட்சம் இருக்கிறது. முழுசையும் போட்டு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 எடுக்கலாமா, இல்லை 5080 போதுமா?

5080 போதும். காசு இருக்கிறதே என்று 5090-க்குப் போக வேண்டாம். இங்கே பதில் எழுதிய மற்றவர்கள் எல்லாம் "பட்ஜெட் இருந்தா பெருசா போட்டுருங்க ப்ரோ" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இதே மாதிரி ஒற்றை வரி யோசனை எங்கள் வீட்டுப் பையன் ஒருவனை எவ்வளவு அலையவிட்டது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் கடை வைத்திருப்பவன் இல்லை, எந்தக் கம்பெனிக்கும் வக்காலத்து வாங்கவும் வரவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 3டி சாம்பிள் டிசைன் பார்க்கிறேன். பகல் முழுக்க கிராபிக்ஸ் கார்டோடுதான் பிழைப்பு, ராத்திரி விஆர். நீங்கள் இதுவரை மானிட்டரில் விளையாடிப் பழகியவர், ஹெட்செட் என்றால் மெட்டாவின் குவெஸ்ட் 3 அல்லது அதே ரகம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

மானிட்டரில் ஒரு ஃப்ரேம், அதாவது ஓடும் காட்சியில் ஒரு படம், பிந்தினால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஹெட்செட்டில் தலை திரும்பிவிட்டது, படம் திரும்பவில்லை என்றால் வயிறு புரட்டும். 90 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 90 படம் ஓட ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 11.1 மில்லி செகண்ட். அதற்குள் இரண்டு கண்ணுக்கும் படம் தயாராகியிருக்கணும். பிந்திக்கொண்டே இருந்தால் மென்பொருள் 45-க்கு இறக்கிவிட்டு, நடுவில் தானே ஊகித்த படத்தைச் செருகும். காரின் ஓரம், விமானத்தின் இறக்கை எல்லாம் தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி நெளியும். குவெஸ்ட் 3-இல் ஒரு கண்ணுக்கு 2064×2208 பிக்சல். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 91 லட்சம். முழு 4கே மானிட்டருக்கே 83 லட்சம்தான். லென்ஸ் வளைவைச் சரிக்கட்ட, கார்டு அந்த 91 லட்சத்தையும் தாண்டித்தான் வரைய வேண்டியிருக்கும்.

ஆகவே யூடியூபில் காட்டும் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) கணக்கை நம்பி விஆருக்குக் கார்டு எடுக்காதீர்கள். அதிலும் ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டுக் காட்டும் எண்களை ஒதுக்கியே வையுங்கள். 2025 ஜனவரியில் என்விடியா மேடையில் "5070-இலேயே 4090-இன் வேகம்" என்று சொன்னார்கள். அது அவர்களுடைய டிஎல்எஸ்எஸ் 4 மென்பொருள் ஒரு நிஜ ஃப்ரேமுக்கு மூன்று ஃப்ரேம் வரை உண்டாக்கிச் சேர்ப்பதை வைத்துச் சொன்னது. மானிட்டரில் அதற்குப் பயன் உண்டு, மறுக்கவில்லை. விஆரில் அது உதவாது. அங்கே நிஜமாக வரைந்த ஃப்ரேம்தான் கணக்கு.

5090 வேகம் இல்லை என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். கார்டுக்குள் கணக்குப் போடும் சிறு அலகான கூடா கோர் 5080-இல் 10,752, 5090-இல் 21,760. நினைவகம் 16 ஜிபிக்கு 32 ஜிபி. பைமாக்ஸ் கிரிஸ்டல் மாதிரி கண்ணுக்கு 2880×2880 பிக்சல் உள்ள ஹெட்செட்டை டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டி, ஃப்ளைட் சிமுலேட்டரை எல்லா அமைப்பும் உச்சத்தில் வைத்து ஓட்டுகிறவர் என்றால் 5090 எடுங்கள், தப்பே இல்லை. குவெஸ்ட் 3-க்கு அது தேவைப்படாது. அதில் படத்தை வீடியோவாகச் சுருக்கித்தான் கேபிளிலோ வைஃபையிலோ அனுப்புகிறார்கள். ஏவி1 என்ற வீடியோ முறையில் சுருக்க 40 வரிசையில் இருந்து எந்த ஆர்டிஎக்ஸும் போதும். அதற்கு மேல் படம் தெளிவாகணும் என்றால் ரவுட்டரைத்தான் பார்க்கணும். கம்ப்யூட்டரில் இருந்து ரவுட்டருக்கு லேன் கேபிள், ஹெட்செட்டுக்கு அதே அறையில் ரவுட்டர். இந்த ஒன்றைச் செய்யாமல் கார்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டுப் பையன் கதை. சித்தப்பா மகன், காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறான். தென்னையும் மாடும் அவன் பொறுப்பு. தேங்காய் போட்ட காசை வருஷக்கணக்கில் சேர்த்து 4080 சூப்பர் போட்டு ஒரு கம்ப்யூட்டர் கட்டினான். சாதாரணமாகப் படம் பார்க்கும்போது, மெயில் பார்க்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஹெட்செட் மாட்டி விமானம் ஓட்ட ஆரம்பித்தால், சில சமயம் திடீரென்று மொத்தமும் அணைந்துவிடும். தலையில் ஹெட்செட்டோடு இருட்டில் நிற்பான்.

கோயமுத்தூரில் வாங்கின கடைக்கே கொண்டுபோனான். கேட்ட மாத்திரத்தில் "கார்டு ஃபால்ட்டு" என்றார்கள். கார்டை சர்வீசுக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருந்தான். ஒரு குறையும் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் "எஸ்எம்பிஎஸ் பத்தாது, 1000 வாட் மாத்துங்க" என்றார்கள். எஸ்எம்பிஎஸ் என்றால் கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அவனிடம் இருந்தது 850 வாட், கோல்டு தரம். 320 வாட் கார்டுக்கு அது தாராளம். கடைசியாக, "இன்னும் கொஞ்சம் போட்டு பெரிய கார்டா எடுத்துக்கங்க, இதை எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கறோம்" என்று வந்து நின்றார்கள். ஒருத்தராவது "எந்த நேரத்தில் அணைகிறது" என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்காது.

எனக்கு போன் போட்டான். "ஏனுங்ண்ணா, கார்டு போயிருச்சுங்களா?" என்று கேட்ட குரல் சரியாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேரே போய்விட்டேன். அவனை விளையாடச் சொல்லிவிட்டு மேசைக்குப் பக்கத்தில் மல்ட்டிமீட்டரை பிளக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த ஊரில் தோட்டத்துக்கு த்ரீ பேஸ் கரண்ட் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வரும். வந்ததும் சுற்றுவட்டாரத்தில் உள்ள போர்வெல் மோட்டார் எல்லாம் ஆட்டோ ஸ்டார்ட்டரில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுக்கும். அன்றைக்கும் எடுத்தது. டியூப் லைட் மங்கியது. மீட்டர் 220-இல் இருந்து 170-க்குப் பக்கத்தில் விழுந்தது. மேசைக்கு அடியில் யூபிஎஸ்ஸுக்குள் "டிக்" என்று ரிலே சத்தம், ஒரு நீளமான பீப், எல்லாம் அணைந்தது.

யூபிஎஸ்ஸைத் திருப்பிப் பார்த்தேன். 600 விஏ, 360 வாட் என்று பின்னாலேயே அச்சடித்திருந்தது. கரண்ட் ஒழுங்காக இருக்கும்வரை அந்த ரக யூபிஎஸ் லைனை அப்படியே கடத்திவிடும். வோல்ட்டேஜ் விழுந்ததும் பேட்டரிக்குத் தாவும். சும்மா இருக்கும்போது கம்ப்யூட்டர் நூறு வாட் சொச்சம் எடுக்கும், பேட்டரி தாங்கிவிடும். விஆர் ஓடும்போது கார்டு, பிராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்த்து 450, 500 என்று இழுக்கும். 360 வாட் யூபிஎஸ் அதை எப்படித் தாங்கும்? ஹெட்செட் மாட்டினால் மட்டும் அணைவதற்குக் காரணம் இதுதான். பிளக்கை எடுத்து நேராகச் சுவரில் மாட்டினேன். சாயங்காலம் அடுத்த முறை த்ரீ பேஸ் வந்து லைட் மங்கியபோதும் விமானம் பறந்துகொண்டே இருந்தது. நல்ல எஸ்எம்பிஎஸ் 100-இல் இருந்து 240 வோல்ட் வரை தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். 170-க்கெல்லாம் அது அசராது.

"அப்போ விவசாயி மோட்டார்தான் உங்க கேமுக்குத் தொந்தரவா?" என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். அந்த மோட்டாரில் ஒன்று எங்களுடையது. தண்ணீர் பாய்ந்தால்தான் அந்தக் கார்டுக்கே காசு. நான் சொல்வது கார்டைக் குறை சொல்வதற்கு முன்னால் லைனைப் பாருங்கள் என்பதை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. அந்தத் தம்பிக்கு இரண்டு மூன்று வருஷமாகப் பெண் பார்க்கிறோம். தோட்டம் இருக்கிறது, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை, விடியறதுக்கு முன்னால் எழுந்து பால் கறக்கிறவன். தோட்டத்து மாப்பிள்ளை என்றாலே யோசிக்கிறார்கள், அது ஒரு பக்கம். வந்து பார்த்துவிட்டுப் போன ஒரு வீட்டில் "பையன் தலையில பொட்டியை மாட்டிக்கிட்டு வெளையாடறானாமா" என்று ஒரு பேச்சைக் கிளப்பி விட்டார்கள். ரேக்ளாவுக்கு ஒரு ஜோடி காளை லட்சக்கணக்கில் பிடித்து வந்தால் ஊரே வந்து பார்த்துப் பெருமை பேசும். நானும் பேசுவேன், ரேக்ளா எனக்கும் பிடிக்கும். அதே பையன் தன் உழைப்பில் ஒரு லட்சத்துக்குக் கார்டு வாங்கினால் ஊதாரியா? சாராயக் கடைக்குப் போகிறவனை விசாரிக்காத வாய் எல்லாம் இதை விசாரிக்கிறது. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, உங்கள் இரண்டே கால் லட்சத்துக்கு வருகிறேன். 2025-இல் இந்தியாவுக்கு அறிவித்த தொடக்க விலை 5090-க்கு 2,14,000, 5080-க்கு 1,07,000, 5070 டிஐ-க்கு 80,000 ரூபாய். கடையில் பிராண்டைப் பொறுத்து இதைவிட ஏறும். 5090-க்கு அறிவித்த விலையே உங்கள் பணத்தைத் துடைத்துவிடும். மற்றதற்கு எங்கே போவீர்கள்? அது ஒன்றே 575 வாட் இழுக்கும், 1000 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்கும். ஏப்ரல், மே மாத ஈரோட்டை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளியே 40 டிகிரி, உள்ளே கார்டும் பிராசஸரும் சேர்ந்து 700, 800 வாட் வெப்பத்தை அறையில் கொட்டும். ஒரு டன் ஏசி வெளியேற்றுவதே சுமார் 3.5 கிலோவாட்தான். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கம்ப்யூட்டருக்கே போய்விடும். முகத்தை மூடின ஹெட்செட்டோடு அந்த அறையில் அரைமணி நேரம் நின்று பாருங்கள், லென்ஸில் வேர்வை ஆவி படியும்.

5080 என்றால் 360 வாட், 850 வாட் எஸ்எம்பிஎஸ் போதும், அதில் ஏடிஎக்ஸ் 3.1 (புதுக் கார்டுகளுக்கு ஏற்ற எஸ்எம்பிஎஸ் தரம்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மிச்சப் பணத்தில் 9800எக்ஸ்3டி மாதிரி பிராசஸர் போடுங்கள். ஃப்ளைட் சிமுலேட்டர், கார் ரேஸ் இரண்டிலும் விக்கல் பெரும்பாலும் பிராசஸரில்தான் வரும். யூபிஎஸ் வாங்கினால் விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள். 900 வாட்டுக்குக் குறையாமல், ப்யூர் சைன் வேவ் (பேட்டரியிலும் லைன் மாதிரியே சீரான கரண்ட் தரும் ரகம்) ஆக இருக்கட்டும். கேபினட்டைத் தொட்டால் சுருசுருவென்று இழுக்கிறதா? எர்த் சரியில்லை. கார்டு பெட்டியைத் திறக்கும் முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்துவிடுங்கள். அந்த 16 பின் பவர் கேபிளைக் கடைசிவரை அழுத்தி மாட்டணும், இடைவெளி தெரியக் கூடாது, வாயிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரை வளைக்கவே கூடாது. 4090 வந்த புதிதில் இந்த இணைப்பு உருகிய படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

என்விடியாவுக்குப் போட்டியான ஏஎம்டியின் ரசிகர்கள் சண்டைக்கு வரும் முன்: அவர்களின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 16 ஜிபியோடு நல்ல கார்டு, மானிட்டரில் விளையாட மட்டும் என்றால் அதையே சொல்லியிருப்பேன். விஆர் ஸ்ட்ரீமிங் பிரதானம் என்பதால் என்விடியா பக்கம் நிற்கிறேன், அவ்வளவுதான். 12 ஜிபி 5070-ஐ மட்டும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். ரெசல்யூஷனை ஏற்றினால் முதலில் நினைவகம்தான் நிரம்பும், நிரம்பியதும் ஃப்ரேம் தடுமாறும்.

வாங்கும் அன்று ஹெட்செட்டையும் கடைக்கே கொண்டுபோங்கள். கம்ப்யூட்டரில் விஆர் ஓட்டும் ஸ்டீம்விஆர் மென்பொருளில் ஃப்ரேம் டைமிங் வரைபடம் இருக்கிறது, அதைத் திறந்து வைத்து நீங்கள் வழக்கமாக ஓட்டும் கேமை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கோடு 11 மில்லி செகண்டுக்குக் கீழே நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் 18 சதவீதம் மிச்சம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வாரண்டிக்கு அந்தப் பில்தான் ஆதாரம். பெட்டி மேல் உள்ள சீரியல் எண், கார்டில் ஒட்டியிருப்பது, பில்லில் எழுதியிருப்பது மூன்றும் ஒன்றுதானா என்று கடை வாசல் தாண்டும் முன்பே சரிபார்த்து விடுங்கள்.