பரம்பரையாக மாடு மேய்த்த காட்டில் தடை: சட்டத்தில் வழி உண்டா?

கேள்வி: ஐயா, தேனி மாவட்டத்தில் மலையடிவாரக் கிராமம் எங்களுடையது. பூட்டன் காலத்திலிருந்து மலைமாடுகளைக் காட்டில்தான் பட்டி போட்டு மேய்க்கிறோம். முன்பு மேய்ச்சல் சீட்டு கொடுத்தார்கள். இப்போது கோர்ட் தடை என்று அபராதம் போடுகிறார்கள். சொந்த நிலமும் இல்லை. பட்டா இல்லாமல் மாட்டுக்கு லோன் கிடைக்குமா?

பதில்: உங்கள் மாடு மேயும் இடம் எந்த வகைக் காடு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முதலில் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. மற்றக் காப்புக்காட்டில் அந்த உத்தரவைக் காட்டி உங்களைத் தடுக்க முடியாது. மேகமலைப் பக்கம் என்றால் கவனமாக இருங்கள். 2021-ல் அறிவித்த புலிகள் காப்பகத்துக்குள் உங்கள் இடம் வந்திருக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மாவட்ட வன அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை அங்கே மாட்டை ஏற்றாதீர்கள்.

அடுத்தது வன உரிமைச் சட்டம், 2006. மேய்ச்சலைச் சமூக உரிமையாக அது ஏற்கிறது. பருவத்துக்கு இடம் மாறிப் போகும் மேய்ப்பர்களான கீதாரிகளுக்கும் அது உண்டு. சரணாலயமும் அந்தச் சட்டத்தின் பார்வையில் வன நிலம்தான், அதனால் அங்கேயும் உரிமை கேட்கலாம். சீட்டு என்பது அதிகாரி விரும்பினால் தருவது, உரிமை அப்படியல்ல. அதனால் சீட்டுக்காக அலைவதை விட்டுவிட்டு, ஊராகச் சேர்ந்து 'படிவம் ஆ'வில் கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் மனு கொடுங்கள். அங்கிருந்து கோட்ட அளவிலான குழுவுக்கும், பிறகு கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதன்பின் 60 நாளுக்குள் மேல்குழுவில் முறையிடலாம். தேதி தவறிவிடாதீர்கள்.

உண்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது. பழங்குடியினர் அல்லாதவர்கள் 13.12.2005-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பல மனுக்கள் இங்கேதான் விழுகின்றன. வீடு காட்டுக்கு வெளியே இருப்பது தடையில்லை என்று மத்திய பழங்குடியினர் நல அமைச்சகமே விளக்கம் தந்திருக்கிறது. ஆதாரம் ஒன்றுக்கு மேல் வேண்டும். பழைய மேய்ச்சல் சீட்டு, வனத்துறையின் பழைய செயல்திட்ட ஆவணம், மனுதாரர் அல்லாத பெரியவர்கள் சொல்லி எழுதிய வாக்குமூலம், மாடு தண்ணீர் குடிக்கும் ஓடை, பட்டி போட்ட மேடு, இவை எல்லாம் செல்லும். அபராத ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள்! நீங்கள் அங்கே மேய்த்ததை அரசாங்கமே எழுதித் தந்த காகிதம் அது.

அப்புறம் லோன். கிசான் கடன் அட்டை 2018-19 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் உண்டு, பட்டா கட்டாயமில்லை. 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. மாடுகள் உங்களுடையவை என்பதற்குக் கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்கிக்கொண்டு போங்கள். மேனேஜர் பட்டாதான் வேண்டும் என்றால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.