கிளியா வெறும் பசைதானா?

கேள்வி: நியூரான்களை, அதாவது நரம்புச் செல்களை, ஒட்டிப் பிடித்திருக்கும் பசைதான் கிளியா செல் என்று பள்ளியில் படித்தோம். செய்தி கடத்துவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு என்கிறார்களே, எப்படி? (வாசகர், கும்பகோணம்)

பதில்: 1856-ல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் 'கிளியா' என்றால் பசை. பெயர் நிலைத்துவிட்டது, கருத்து நிலைக்கவில்லை.

கிளியாவில் பல வகை உண்டு. இரண்டு நியூரான்களுக்கு நடுவே உள்ள சினாப்ஸ் என்னும் இடைவெளியை ஒட்டியே கிளை விரித்திருப்பது ஆஸ்ட்ரோசைட். ஒரு நியூரான் குளூட்டமேட் என்னும் செய்தி கடத்தும் வேதிப்பொருளைக் கொட்டி அடுத்ததை உசுப்புகிறது. அந்த இடைவெளியில் குளூட்டமேட்டைச் சிதைக்கும் நொதி கிடையாது. யாராவது அள்ளி எடுத்தால்தான் செய்தி முடியும். பெரும்பகுதியை அள்ளுவது ஆஸ்ட்ரோசைட்தான். ஒரு குளூட்டமேட்டோடு 3 சோடியம் அயனிகளும் ஒரு ஹைட்ரஜன் அயனியும் உள்ளே வரும், ஒரு பொட்டாசியம் வெளியே போகும். உள்ளே குளூட்டமேட்டுடன் அம்மோனியா சேர்ந்து குளூட்டமின் ஆகிறது. குளூட்டமின் நியூரானை உசுப்பாது என்பதால் பயமில்லாமல் திருப்பி அனுப்பலாம். நியூரான் அதை மறுபடி குளூட்டமேட் ஆக்கிக்கொள்ளும்.

நியூரான் துடிக்கும்போதெல்லாம் வெளியேறும் பொட்டாசியத்தையும் ஆஸ்ட்ரோசைட் வாங்கிக்கொள்கிறது. செல்களுக்கு வெளியே பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 3 மில்லிமோல் இருக்க வேண்டும். வலிப்பின்போது 10-ஐத் தாண்டும். அந்த அளவில் சும்மா இருக்கும் நியூரானும் துடிக்கத் தயாராகிவிடும்.

பக்கவாதத்தில் ரத்தம் நின்றால் சோடியத்தை வெளியேற்றும் பம்ப் ஓயும், சோடியம் செல்லுக்குள் தேங்கும். குளூட்டமேட்டை உள்ளே இழுத்த அதே வாயில்கள் எதிர்த்திசையில் ஓடி அதை வெளியே கொட்டும். அதில் நியூரான்களுக்குள் கால்சியம் வெள்ளமாய்ப் புகுந்து அவை மடிகின்றன.

ஆஸ்ட்ரோசைட் தானாகவே செய்தி அனுப்புகிறதா? அதன் கால்சியம் அலைகளை 1990-லேயே பார்த்துவிட்டார்கள். ஆனால் அவை எவ்வளவு தூரம் நியூரானை ஆட்டுவிக்கின்றன என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. அள்ளும் வேலையில் அந்தச் சந்தேகம் இல்லை. அதனால்தான் அதை முதலில் சொன்னேன்.

கேள்வி: கல்லீரல் கெட்டால் புத்தி ஏன் தடுமாறுகிறது? (வாசகி, ஈரோடு)

பதில்: இங்கும் அதே ஆஸ்ட்ரோசைட்தான். குடலில் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது கல்லீரல். அது தவறினால் அம்மோனியா மூளைக்குப் போகும். அங்கே அதை ஏற்கும் நொதி ஏறக்குறைய ஆஸ்ட்ரோசைட்டில் மட்டுமே உண்டு. உள்ளே குளூட்டமின் குவிய, தண்ணீர் இழுத்துச் செல் வீங்கும். அள்ளும் வேலையும் மந்தமாகும். பகலில் தூக்கம், இரவில் விழிப்பு என்று தொடங்கும். கைகளை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால் சிறகடிப்பதுபோல் உதறும்.

இதற்குக் கொடுக்கும் லாக்டுலோஸ் சிரப் பெருங்குடலை அமிலமாக்கி, அம்மோனியா ரத்தத்தில் ஏறாமல் தடுக்கிறது. நாளுக்கு 2-3 முறை இளக்கமாக மலம் போகும்படி மருத்துவர் அளவைச் சரிசெய்வார். மலச்சிக்கலும் தூக்க மாத்திரையும் குழப்பத்தைத் தூண்டும். சிரப் அளவு மீறிப் பேதியானாலும் நீரும் பொட்டாசியமும் குறைந்து குழப்பம் கூடும்.